தலை மட்டும் கீழ கிடந்துச்சு: ஒரே பாக்கெட் செல்ஃப் ஸ்க்ரூ, மூணு விதமான ஃபெயிலியர்

வெளிய நிக்கற கன்ட்ரோல் பாக்ஸ் மாட்டி அஞ்சு வாரம் இருக்கும். மழை விட்ட மறுநாள் காலைல ரீடிங் எடுக்கப் போன தம்பி, பாக்ஸுக்குக் கீழ ஏதோ பளபளன்னு கிடக்குதேன்னு குனிஞ்சு எடுத்திருக்கான். பாத்தா ஸ்க்ரூ தலை. வாஷரோட சேந்த ஆறு பட்டைத் தலை, அதுக்குக் கீழ உடம்பே இல்ல, தட்டையா போயிருக்கு. நிமிந்து பாத்தா பாக்ஸ் மேல இருக்கற மழைத் தகடு ஒரு ஓரமா தூக்கிட்டு நிக்குது. அதுல மொத்தம் எட்டு ஸ்க்ரூ, மூணுக்குத் தலை இல்ல. யாரும் கை வைக்கல, பெரிய காத்தும் இல்ல, வெயிட்டும் ஒண்ணும் கிடையாது. சும்மா நின்ன இடத்துல ஸ்க்ரூ தானா கழுத்து அறுந்து விழுந்திருக்கு.

அன்னிக்கு என் வாயில வந்த முதல் வார்த்தை "டூப்ளிகேட் மால்". எல்லாரும் அதைத்தான் சொன்னாங்க. அது தப்புன்னு புரியறதுக்கு ரெண்டு வாரம் ஆச்சு, அந்த ரெண்டு வாரத்துல இந்த பாக்ஸ்ல வேற ரெண்டு இடத்துல நாங்க பண்ணி வெச்சிருந்த தப்பும் சேந்து வெளிய வந்துச்சு, அதனாலதான் முழுசா எழுதி வைக்கறேன்.

வேலை என்னன்னு சொல்லிடறேன். வெளிய திறந்த இடத்துல நிக்கற கன்ட்ரோல் பாக்ஸ், மொத்தம் 12. பாடி 1 எம்எம் ஜிஐ ஷீட், அதாவது துத்தநாகம் பூசின இரும்புத் தகடு. பின்னாடி தாங்கறதுக்கு 5 எம்எம் ஸ்டீல் ஆங்கிள் ஃப்ரேம், பாடி ஷீட்டை அந்த ஆங்கிள்ல 6 ஸ்க்ரூ போட்டு இறுக்கணும். முன்னாடி மூடி, அதுவும் 1 எம்எம், சுத்தி 14 ஸ்க்ரூ. மேல மழைத் தகடு, 1.5 எம்எம் அலுமினியம், அதைப் பிடிக்கற பட்டையும் 1.5 எம்எம் அலுமினியம்தான், 8 ஸ்க்ரூ. ஆக ஒரு பாக்ஸுக்கு 28, பன்னெண்டு பாக்ஸுக்கு 336 ஸ்க்ரூ. இத்தனைக்கும் சேத்து ஒரே ஐட்டம் வாங்கினோம்: எஸ்டி 4.2, அதாவது மரையோட வெளி விட்டம் 4.2 எம்எம், பழைய கணக்குல நம்பர் 8, நீளம் 19 எம்எம், ஆறு பட்டை வாஷர் தலை, ஜிங்க் பிளேட்டிங், முனையில டிரில் இருக்கற செல்ஃப் டிரில்லிங் வகை. 7 எம்எம் பிட் ஒண்ணு இருந்தா போதும், எல்லா இடத்துலயும் சர்ருனு ஏத்திடலாம், ஸ்டாக்கும் ஒண்ணே ஒண்ணுதான். ஐடியா என்னோடதுதான், வேற யார் மேலயும் பழி போட முடியாது.

ஒரு விஷயம் இங்கயே பிரிச்சுக்கணும், ஏன்னா கடைல கேக்கும்போது எல்லாத்தையும் "செல்ஃப் ஸ்க்ரூ"ன்னே சொல்றோம். செல்ஃப் டேப்பிங்னா தனக்கு வேண்டிய மரையைத் தானே போட்டுக்கும், ஆனா ஓட்டை நாம போட்டுக் குடுக்கணும். செல்ஃப் டிரில்லிங்னா ஓட்டையையும் அதுவே போட்டுக்கும். செல்ஃப் டிரில்லிங் எல்லாமே செல்ஃப் டேப்பிங்தான், ஆனா செல்ஃப் டேப்பிங் எல்லாம் செல்ஃப் டிரில்லிங் கிடையாது. மரை போடற விதத்துலயும் ரெண்டு ஜாதி உண்டு. ஒண்ணு உலோகத்தை அமுக்கித் தள்ளி மரை உருவாக்கும், தூள் வராது. இன்னொண்ணு முனையில வெட்டு இருக்கும், டேப் மாதிரி செதுக்கிக்கிட்டே போகும், தூள் வரும். மெல்லிய தகட்டுக்கும் இழுபடற உலோகத்துக்கும் தள்ளற வகை நல்லது, வார்ப்பு மாதிரி நொறுங்கற சாமானுக்கும் கெட்டியான பிளாஸ்டிக்குக்கும் செதுக்கற வகை. இது தெரியாம டிரில் முனை இருக்கறதுதான் உசத்தி, முனை கூர்மையா மட்டும் இருக்கறது மட்டம்னு நான் நெனச்சுட்டு இருந்தேன், பல பேர் அப்படித்தான் நெனைக்கறாங்க.

முதல் நாளே வந்த சிக்னல்

உண்மையில பிரச்சனை அஞ்சாவது வாரத்துல ஆரம்பிக்கல, அசெம்பிளி பண்ண முதல் நாளே ஆரம்பிச்சுது, நாங்கதான் கண்டுக்கல. முதல் பாக்ஸ்ல ஃப்ரேம் ஸ்க்ரூ ஆறு அடிச்சதுல நாலு உடைஞ்சுது. தம்பி இம்பாக்ட் டிரைவர், அதான் தட்டித் தட்டித் திருகற மெஷின், அதை வெச்சு அழுத்தறான், முனை கீச்சுனு கத்துது, புகை வருது, கொஞ்ச நேரம் சும்மா சுத்துது, திடீர்னு ஷீட்டைக் கடிச்சு உள்ள இழுக்கற மாதிரி ஒரு வேகம், அடுத்த செகண்ட் டப்புனு உடைஞ்சு தலை கழண்டு பிட்டோட வந்துடுது.

"மெதுவா விடுடா தம்பி, ஏன் அவசரம்"னேன்.

"நான் எங்கண்ணே அவசரப்பட்டேன், அதுவா இழுத்துட்டுப் போகுது"ன்னான்.

அவன் சொன்னதுதான் சரியான டயக்னோசிஸ், எனக்கு அன்னிக்குப் புரியல. கணக்கு போட்டுப் பாருங்க. எஸ்டி 4.2 ஸ்க்ரூவோட மரை ஒரு சுத்துக்கு 1.4 எம்எம் முன்னாடி போகும், அதான் அதோட பிட்ச். முனையில இருக்கற டிரில் ஸ்டீலைக் குடையற வேகம் அதுல பத்துல ஒரு பங்கு கூட வராது. அதனால டிரில் முழு கனத்தையும் தாண்டி அந்தப் பக்கம் வெளிய வந்த பிறகுதான் மரை முதல் தகட்டைத் தொடணும், அதுக்குத்தான் முனையில டிரில் பாகத்துக்குன்னு ஒரு நீளம் குடுத்திருக்காங்க. எங்க கேஸ்ல ஷீட் 1, ஆங்கிள் 5, மொத்தம் 6 எம்எம். டிரில் இன்னும் ஆங்கிளுக்குள்ளயே குடைஞ்சிட்டு இருக்கு, அதுக்குள்ள மரை மேல் ஷீட்டுல ஏறிடுச்சு. மரை சொல்லுது ஒரு சுத்துக்கு 1.4 போன்னு, டிரில் சொல்லுது என்னால முடியாதுன்னு. நடுவுல மாட்டினது ஸ்க்ரூவோட உடம்பு. இந்த சைஸ் டிரில்லிங் ஸ்க்ரூ முறியாம தாங்க வேண்டிய முறுக்கு ஸ்டாண்டர்டுல குறைஞ்சபட்சம் 4.7 நியூட்டன் மீட்டர். இம்பாக்ட் டிரைவர் சாதாரணமா நூறுக்கு மேல குடுக்கற மெஷின். எது ஜெயிக்கும்னு சொல்லணுமா?

டிரில் முனை எவ்வளவு கனம் வரைக்கும் போகும்ங்கறதுக்கு டேபிள் இருக்கு. ஐஎஸ்ஓ 15480ங்கற ஸ்டாண்டர்டுல எஸ்டி 4.2க்கு 1.75லேந்து 3 எம்எம், 4.8க்கு 1.75லேந்து 4.4, 5.5க்கு 1.75லேந்து 5.25, 6.3க்கு 2லேந்து 6. இது அடுக்கி வெச்ச எல்லாத் தகடும் சேத்த கனம், நடுவுல ரப்பரோ இடைவெளியோ இருந்தா அதையும் சேக்கணும், ஏன்னா டிரில் அந்த நீளத்தையும் தாண்டியாகணும். இதுக்கு மேல கனம்னா டிரில் பாகம் நீளமா இருக்கற ஸ்பெஷல் முனை தனியா வருது, 12 எம்எம் வரைக்கும் கூட போகும். எங்க 6 எம்எம்க்கு 3 எம்எம் ஸ்க்ரூ, பாதிக்குப் பாதி. இந்த டேபிளை நான் பாத்தது பாக்ஸெல்லாம் போய் மாட்டின பிறகு.

அன்னிக்கு என்ன பண்ணோம்னா, மீதி பாக்ஸுக்கெல்லாம் 3.5 பிட்டுல முன்னாடியே ஓட்டை போட்டு அதுல இதே ஸ்க்ரூவை அடிச்சு ஏத்தினோம். ஏறிச்சு, ஆனா கஷ்டப்பட்டுத்தான் ஏறிச்சு. இந்த இடத்துல ஒரு பொது விஷயம், ஓட்டை சைஸ் ஸ்க்ரூவுக்கு மட்டும் சொந்தம் கிடையாது, தகட்டோட கனத்துக்கும் சேத்துதான். அதே நம்பர் 8க்கு 1 எம்எம் ஸ்டீல்னா 3.2 பக்கம் ஓட்டை, 2 எம்எம்னா 3.5 பக்கம், 3 எம்எம்க்கு மேல போனா 3.8. கனம் கூடக் கூட மரை கடிக்கற சுத்து அதிகமாகுது, ஓட்டையைப் பெருசாக்கலைன்னா திருப்பவே முடியாது. "நம்பர் 8க்கு எத்தனை எம்எம் பிட்"னு யாராவது ஒரே நம்பரா பதில் சொன்னா, எந்தக் கனத்துக்குன்னு திருப்பிக் கேளுங்க.

மூடி

இது மெதுவா வந்த பிரச்சனை. மாசம் ஒரு தடவ மூடியைத் திறந்து பாக்கணும், கடைசியா மாட்டினதுக்கும் முதல்ல மாட்டினதுக்கும் நடுவுல கொஞ்ச நாள் கேப் இருந்ததால சில பாக்ஸ் மூணு தடவ திறந்தாச்சு. மூணாவது தடவ மூடும்போது பதினாலுல நாலஞ்சு ஸ்க்ரூ சும்மா சுத்துது, மரை போயிடுச்சு. திறந்து மூடறவன் முரட்டுப் பயன்னு பேரு வேற வாங்கினான் பாவம்.

டிரில் முனைக்குக் கீழ் எல்லைன்னு ஒண்ணு இருக்கறதை கவனிச்சீங்களா, 1.75? அது எதுக்குன்னு மூடியில தெரிஞ்சுது. மூடியில பெரிய ஓட்டை பன்ச் பண்ணியே வந்துடுச்சு, அதனால ஸ்க்ரூ கடிக்கறது பாடியோட 1 எம்எம் விளிம்பை மட்டும்தான். எஸ்டி 4.2 ஸ்க்ரூவோட டிரில் முனை விட்டம் 3.6 பக்கம். அப்ப அது போடற ஓட்டையும் 3.6. மரையோட வெளி விட்டம் 4.2. கழிச்சுப் பாருங்க, ஒரு பக்கத்துக்கு 0.3 எம்எம்தான் தகடு மரைக்குள்ள போகுது. பிட்ச் 1.4, தகடு 1, அப்ப முழுசா ஒரு சுத்து கூட கடிக்கல. அந்த 0.3 எம்எம் விளிம்பு மேலதான் மூடி மொத்தமும் நிக்குது.

இதே இடத்துல டிரில் இல்லாத கூர் முனை ஸ்க்ரூ போட்டு 3.1 இல்ல 3.2 ஓட்டை குடுத்திருந்தா கடி ஏறக்குறைய ரெண்டு மடங்கு. இன்னும் நல்லது தகட்டைக் குடையாம குத்தி உள்ள போற ஊசி முனை ஸ்க்ரூ, அது உலோகத்தை வெளிய எடுத்துப் போடாம அந்தப் பக்கமா ஒரு சின்ன கழுத்து மாதிரி தள்ளி விடும், மரைக்குப் பிடிக்க இன்னும் கொஞ்சம் இடம் கிடைக்கும். மெல்லிய ஷீட்டுல டிரில் முனை என்ன பண்ணுதுன்னா, பிடிக்க வேண்டிய உலோகத்தையே சுருளா வெட்டிக் கீழ கொட்டிடுது. தரையில கிடந்த அந்தச் சுருளைப் பாத்து "ஆஹா என்ன கூர்மை"ன்னு சந்தோஷப்பட்டவன் நான்.

வேஸ்ட் பிட்டுல கொஞ்சம் அடிச்சுப் பாத்தோம், முறுக்கை அளக்கற டார்க் ஸ்க்ரூடிரைவர் ஒண்ணு கையில கிடைச்சுது. மரை போட்டு ஏறும்போது ஆகற முறுக்கு ஒண்ணு, தலை உக்காந்த பிறகு மரை பிய்யற முறுக்கு ஒண்ணு. இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கற இடைவெளிதான் நம்மளோட பாதுகாப்பு, டைட் பண்ண வேண்டியது நடுவுல எங்கயோ. 3.2 ஓட்டையில கூர் முனை ஸ்க்ரூவுக்கு இடைவெளி தாராளமா இருந்துச்சு, கைக்கே தெரியுது. டிரில் முனை போட்ட ஓட்டையில ஏறறது லேசு, பிய்யறதும் லேசு, "உக்காந்துச்சு"ன்னு கை சொல்றதுக்குள்ள பிஞ்சுடுது. இதுல இம்பாக்ட் டிரைவர் வெச்சு இறுக்கினா, முதல் நாளே பாதி பிஞ்ச மரைதான்.

திரும்பத் திரும்பக் கழட்டி மாட்டற இடத்துக்கு இன்னொரு பழக்கம் சொல்றேன், இது எந்த செல்ஃப் டேப்பிங்குக்கும் பொருந்தும். ஸ்க்ரூவை ஓட்டையில வெச்சு முதல்ல இடது பக்கமா, கழட்டற திசையில, மெதுவா சுத்துங்க. ஒரு இடத்துல லேசா டக்குனு இறங்கும், விரலுக்குத் தெரியும், சில சமயம் சத்தமே கேக்கும். பழைய மரையோட வாய் அங்கதான் இருக்கு. அங்கேந்து வலது பக்கம் திருப்பினா ஏற்கனவே இருக்கற மரையிலயே வழுக்கிட்டுப் போகும். இதைப் பண்ணாம நேரா அழுத்தித் திருப்பினா பழசுக்குக் குறுக்கால புது மரை போடும், மூணாவது தடவ எந்த மரையும் மிச்சம் இருக்காது. உள்ள இருந்த டெர்மினல் கவர், அது ஏபிஎஸ் பிளாஸ்டிக், அதுல இது இன்னும் முக்கியம். பிளாஸ்டிக்குக்கு மரை அகலமா, முகடு கத்தி மாதிரி ஒடுக்கமா இருக்கற தனி ஸ்க்ரூ வருது, சாதாரண ஷீட் மெட்டல் ஸ்க்ரூவோட 60 டிகிரி மரை பக்கவாட்டுல தள்ளித் தள்ளி கவரோட காதைப் பிளந்துடும். அதுல எண்ணெயோ லாக்டைட் மாதிரி மரைப் பசையோ தடவினா இன்னும் சீக்கிரம் பிளக்கும். எங்க கவர் தப்பிச்சதுக்குக் காரணம் அதோட ஸ்க்ரூ கவரோடவே வந்துச்சு, என் கையில அந்த முடிவு இல்ல.

ஆனா மாசாமாசம் திறக்கற மூடிக்கு எந்த செல்ஃப் ஸ்க்ரூவும் சரி வராதுங்கறதுதான் என் முடிவு. மூடி ஓட்டை எல்லாத்தையும் 7 எம்எம்க்குப் பெருசாக்கி எம் 5 ரிவெட் நட், அதாவது தகட்டுலயே நசுக்கி உக்கார வெக்கற நட், அடிச்சு சாதா போல்ட் போட்டாச்சு. 168 ஓட்டை, ரெண்டு நாள் வேலை, அதோட மூடி கதை முடிஞ்சுது.

தானா விழுந்த தலை

இப்ப மழைத் தகடு. டேபிளை எடுத்து வெச்சு மூணு இடத்தையும் ஒப்பிட்டுப் பாத்தேன். ஃப்ரேம் 6 எம்எம், எல்லைக்கு மேல. மூடி 1 எம்எம், எல்லைக்குக் கீழ. மழைத் தகடு மட்டும் 1.5ம் 1.5ம் சேந்து 3 எம்எம், டேபிளுக்குள்ள கச்சிதமா உக்காருது. அடிக்கும்போதும் வெண்ணெய்ல கத்தி மாதிரி போச்சு, ஒண்ணு கூட உடையல, ஒண்ணு கூட சுத்தல, 96 ஸ்க்ரூவும் ஜம்முனு நின்னுது. எல்லாம் சரியா இருந்த ஒரே இடம். அதுலதான் தலை விழுந்துச்சு.

காரணம்னு ஆளாளுக்கு ஒண்ணு சொன்னாங்க. ஓவர் டைட்னு ஒருத்தர். ஓவர் டைட்டுன்னா அடிக்கும்போதே போயிருக்கணும், இல்ல அலுமினியத்துல மரை பிஞ்சிருக்கணும், அஞ்சு வாரம் காத்திருந்து போகாது. வெயில்ல அலுமினியம் விரியுது, ஸ்டீல் அந்த அளவு விரியாது, அதான் இழுத்து அறுத்துடுச்சுன்னு இன்னொருத்தர். விரியறது உண்மைதான், அலுமினியம் ஸ்டீலை விட ஏறக்குறைய ரெண்டு மடங்கு விரியும், ஆனா தகடும் அலுமினியம் பட்டையும் அலுமினியம், ரெண்டும் சேந்துதான் பக்கவாட்டுல நீளும், ஸ்க்ரூவைக் குறுக்கால வெட்ட அங்க எதுவும் இல்ல. காத்துல அதிர்ந்து அதிர்ந்து தேஞ்சு போச்சுன்னா மூலையில இருக்கறது முதல்ல போகணும், விழுந்த மூணுல ரெண்டு நடுவுல இருந்தது.

மிச்சம் இருந்தது டூப்ளிகேட் மால். இதுல கொஞ்சம் நியாயம் இருந்துச்சு, ஏன்னா கெட்டியாக்கின ஸ்க்ரூவுக்கு ஜிங்க் பிளேட்டிங் பண்ணும்போது ஆசிட்லயும் பிளேட்டிங் தொட்டிலயும் ஹைட்ரஜன் ஸ்டீலுக்குள்ள போயிடும். பிளேட்டிங் முடிஞ்ச சில மணி நேரத்துக்குள்ள 200 டிகிரி பக்கம் சூட்டுல பல மணி நேரம் வெச்சு அதை வெளியேத்தணும், பேக்கிங்னு சொல்லுவாங்க. அதை ஒழுங்கா பண்ணலைன்னா ஸ்க்ரூ பாக்க நல்லாத்தான் இருக்கும், டைட் பண்ணி விட்டுட்டுப் போனா சில மணி நேரம் கழிச்சோ சில நாள் கழிச்சோ தானா முறியும். இப்படி ஹைட்ரஜன் ஏறி ஸ்டீல் நொறுங்கறதுக்குப் பேருதான் ஹைட்ரஜன் எம்பிரிட்டில்மென்ட். கேக்க எங்க கதை மாதிரியே இருக்குல்ல?

அதுக்கு ஒரு எளிய சோதனை. அதே பாக்கெட்ல மிச்சம் இருந்த ஸ்க்ரூல இருவதை எடுத்து, கெட்டியான ஸ்டீல் பிளேட்டுல சரியான ஓட்டை போட்டு நல்லா இழுத்து டைட் பண்ணி, 48 மணி நேரம் ஷெட்டுக்குள்ள விட்டோம், நடுவுல ஒரு தடவ மறுபடி அதே முறுக்குக்கு இறுக்கினோம். இருவதும் நின்னுது. அதை விட பெரிய சாட்சி ஃப்ரேம்ல இருந்துச்சு. அதே பாக்கெட், அதே நாள், அஞ்சு எம்எம் ஆங்கிள்ல தகட்டை விட பல மடங்கு இழுவையில நிக்கற ஸ்க்ரூ, அதுல ஒண்ணோட தலை கூட விழல. அப்ப பாக்கெட்டுக்குள்ள வரும்போது ஸ்க்ரூ நல்லாத்தான் இருந்திருக்கு. மழைத் தகட்டுல போய்தான் ஏதோ ஆகியிருக்கு.

அப்பத்தான் ரெண்டு உடைசலையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்தேன், பத்து மடங்கு லென்ஸ்ல. ஃப்ரேம்ல முதல் நாள் உடைஞ்சது முறுக்கிப் போன வெல்லப்பாகு மாதிரி, வட்டம் வட்டமா சுழிச்ச கோடு, மரையும் லேசா திருகியிருக்கு. முறுக்குல போச்சுன்னு அதுவே சொல்லுது. மழைத் தகட்டுல விழுந்தது வேற மாதிரி. தலையும் கழுத்தும் சேர்ற வளைவுல நேரா குறுக்கால போயிருக்கு, சுழியும் இல்ல நீட்சியும் இல்ல, முகம் பூராவும் சர்க்கரை கொட்டின மாதிரி பொடிப் பொடியா மின்னுது, ஒரு ஓரத்துல மட்டும் பிறை மாதிரி துரு ஏறியிருக்கு. அந்தத் துரு ஏறின ஓரம் முன்னாடியே விரிசல் விட்டிருக்கு, மீதி பிறகு போயிருக்கு. தலையோட அடிப்பக்கம் வாஷர் ஓரத்துல வெள்ளை வெள்ளையா மாவு. அலுமினியத் துரு.

அந்த வெள்ளை மாவுதான் மொத்த கதையும். ஸ்டீலும் அலுமினியமும் ஒட்டி இருக்கு, நடுவுல மழைத்தண்ணி நிக்குது, பேட்டரி ரெடி. அதுல அலுமினியமும் ஜிங்கும் கரையும், ஸ்டீல் கரையாம தப்பிக்கும். கரையாம தப்பிக்கற அந்த ஸ்டீல் மேலதான் ஹைட்ரஜன் உருவாகுது, கொஞ்சம் குமிழா போகும், கொஞ்சம் உள்ள இறங்கும். சாதா மைல்டு ஸ்டீலா இருந்தா இறங்கினாலும் பெருசா ஒண்ணும் ஆகாது. ஆனா டிரில் முனை ஸ்க்ரூ ஸ்டீலையே குடையணும்ங்கறதால மேல் தோலை கார்பன் ஏத்தி கெட்டியாக்கியிருப்பாங்க, ஸ்டாண்டர்டு கேக்கறதே மேற்பரப்புல குறைஞ்சது 530 விக்கர்ஸ் (கடினத்தை அளக்கற அளவு), உள்ள 320லேந்து 400. சாதா 8.8 கிரேட் போல்ட் 250லேந்து 320க்குள்ள அடங்கிடும். கடினம் ஏற ஏற ஹைட்ரஜனைத் தாங்கற சக்தி இறங்கிக்கிட்டே போகும். டைட் பண்ண இழுவை அதிகமா குவியற இடம் தலைக்குக் கீழ இருக்கற வளைவு, தண்ணி தேங்கற இடமும் அதேதான். எங்க தலைக்கு அடியில ரப்பர் வாஷர் கூட கிடையாது.

ஸ்டீலைக் குடையறதுக்காக ஏத்தின கடினம், குடைய வேண்டிய அவசியமே இல்லாத அலுமினியத்துல போய் ஸ்க்ரூவைக் கொன்னுடுச்சு. சப்ளையருக்குப் போன் பண்ணி நான் பேசின பேச்சை நெனச்சா இப்பவும் கூச்சமா இருக்கு.

மாத்தினது

ஃப்ரேம்ல 4.6 ஓட்டை போட்டு மூணு மூலை உருவத்துல தண்டு இருக்கற எம் 5 மரை உருட்டற ஸ்க்ரூ போட்டோம், டிஐஎன் 7500ங்கற ஜெர்மன் ஸ்டாண்டர்டு வகை. மேல் ஷீட்டுல 5.5 ஓட்டை, ஸ்க்ரூ அதுல உராயாம போகணும், இல்லைன்னா மேல் தகட்டுலயும் மரை ஏறி ரெண்டு தகட்டுக்கும் நடுவுல கேப் நின்னுடும், எவ்வளவு டைட் பண்ணாலும் மூடாது. இந்த வகையில எனக்குப் பிடிச்சது, அது போட்டு வெச்ச மரை சாதா எம் 5 மரைதான், பின்னால ஸ்க்ரூ தொலைஞ்சா எந்த எம் 5 போல்ட்டும் போடலாம்.

மழைத் தகட்டுக்கு ஸ்டெயின்லெஸ்னு முடிவு பண்ணோம், அங்கயும் ஒரு குழி இருந்துச்சு. "எஸ்எஸ் செல்ஃப் டிரில்லிங்"னு கேட்டதும் வந்தது 410 கிரேட். அதையும் சூடு பண்ணி கெட்டியாக்கித்தான் டிரில் முனை குடுப்பாங்க, அதனால இதே ஹைட்ரஜன் வியாதி அதுக்கும் வரும், துருவும் சீக்கிரம் பிடிக்கும். காந்தம் வெச்சா பச்சக்குனு ஒட்டிச்சு, திருப்பி அனுப்பிட்டோம். வேண்டியது 304, அது இந்த விஷயத்துல பயப்பட வேண்டாத ஜாதி, காந்தத்துல ஒட்டாது, ஒட்டினாலும் ரொம்ப லேசா ஒட்டும். ஆனா 304ஐ அந்த அளவு கெட்டியாக்க முடியாது, ஸ்டீலைக் குடையாது. உடம்பு 304ம் முனை மட்டும் கார்பன் ஸ்டீலும் ஒட்ட வெச்ச ஸ்க்ரூவும் வருது, எங்களுக்கு அது தேவைப்படல, அலுமினியம்தானே, கையாலயே டிரில் போட்டுக்கலாம். பட்டையில 3.4, தகட்டுல 5, கூர் முனை 304 ஸ்க்ரூ, தலைக்கு அடியில இபிடிஎம் ரப்பர் ஒட்டின வாஷர். ரப்பர் வாஷர் ஓரத்துல லேசா பிதுங்கினா போதும், நசுங்கி வெளிய வழிஞ்சா டைட் அதிகம். பெரிய அலுமினியத் தகட்டுல சின்ன ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூன்னா அலுமினியம் கரையறது மெதுவா இருக்கும், அதே சமயம் உப்புக் காத்து அடிக்கற இடமா இருந்தா நான் நடுவுல ஒட்டாத மாதிரி இன்னும் பாதுகாப்பு குடுப்பேன்.

பழைய 96ஐயும் கழட்டும்போது, ஏற்கனவே விழுந்த மூணு போக, இன்னும் ஏழு தலை ஸ்பேனர் வெச்ச உடனே கையோட வந்துடுச்சு. வெளிய பாத்தா ஒரு குறையும் தெரியாத ஸ்க்ரூ.

மிச்ச பாக்கெட்டைத் தூக்கிப் போடல. உள்ளுக்குள்ள, ஈரம் படாத இடத்துல, 1ம் 1.5ம் சேர்ற ஸ்டீல் தகட்டுக்கு அது அருமையான ஸ்க்ரூ. பாக்கெட் மேல மார்க்கர்ல எழுதி வெச்சேன்: ஸ்டீல் மட்டும், மொத்தம் 1.75 முதல் 3, வெளிய வேண்டாம். ரெண்டு நாள் கழிச்சுப் பாத்தா அதுக்குக் கீழ தம்பி கோணல் கையெழுத்துல சேத்திருக்கான்: இம்பாக்ட் வேண்டாம், கிளட்ச் டிரைவர் எடு, அண்ணன் எடுத்தாலும்.